மேல்துறைக்கு மேலே

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்கும் என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கும் நடுவே ஒரு கொட்டாங்கச்சி இருக்கிறது. பாதித் தேங்காயின் ஓடு, அவ்வளவுதான். நாரெல்லாம் சுரண்டி வழுவழுவென்று ஆக்கியது. வெளிப்பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த இடம் லேசான வெளுப்பாக இன்னும் தெரிகிறது. அடிப்பாகம் உருண்டை, தானாக நிற்காது; ஒரு துணிச்சுருளின் மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "என்னக்கா இது, சாமி விசயமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள். ஒரு வகையில் சாமி விசயம்தான் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை அதை அலமாரியிலிருந்து இறக்க வேண்டி வந்தது. ஏன் இறக்கினேன் என்று சொல்ல வேண்டுமானால், அது என் கைக்கு வந்த நாளை முதலில் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் மலாயாவில், கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர் விலை விழுந்து, எந்த நேரம் யார் பெயரை வெட்டிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்களோ என்று, கூலிக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயம் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்த காலம். பெயர் வெட்டுவது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்று பேச்சு. ஆனால் எந்தப் பெயரை வெட்டலாம் என்று துரையின் காதில் போடுகிறவர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. அந்தக் கங்காணி என் பெரியப்பா, என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். ஆள் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். பசாருக்குப் போனால் எனக்கு மிட்டாய் வாங்கி வருவார். ஆனால் தன் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தார். லயத்தில் எல்லோரும் சேர்ந்துதான் அவரை அப்படி நம்ப வைத்திருந்தார்கள்.

தோட்டத்தை ஒட்டி ஓர் ஆறு ஓடியது. லிங்கி ஆற்றில் போய்ச் சேரும் கிளை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது அது வெறும் ஆறு. அதில் இரண்டு துறைகள். மாரியம்மன் கோயிலுக்குக் கீழே படிக்கல் போட்ட இடம் மேல்துறை. கங்காணியின் சாதிக்காரர்களும் அவர்களோடு தண்ணீர் புழங்குகிறவர்களும், அதாவது எங்கள் லயத்தார், அங்கே குளிப்போம், குடிக்கவும் அங்கேதான் மொள்ளுவோம். ஆறு வளைந்து தாழ்ந்து போகிற இடம் கீழ்த்துறை. அது கீழ் லயத்துக்காரர்களுக்கு. நாங்கள் அலசிவிட்ட அழுக்கையெல்லாம் சுமந்து வருகிற தண்ணீரில் அவர்கள் குளிக்க வேண்டும், அதையே காய்ச்சிக் குடிக்க வேண்டும். அவர்கள் தொட்ட தண்ணீர் எங்கள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. இது துரை போட்ட சட்டம் இல்லை. துரைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடல் தாண்டி வரும்போது சட்டி பானையோடு நாங்களே மூட்டை கட்டிக் கொண்டுவந்தது. காப்பிக்கடையிலும் இதே கதைதான். எங்களுக்குக் கண்ணாடிக் குவளை, அவர்களுக்குக் கொட்டாங்கச்சி. கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தால் கவிழ்ந்துவிடும். அதனால் அவர்கள் கடைக்கு வெளியே நின்று, கை பொசுங்கப் பொசுங்க, பிடித்த பிடியிலேயே குடித்து முடிக்க வேண்டும்.

என் கூட்டாளி கீழ் லயத்துப் பெண். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே கொட்டகை. நான் முன்னால், அவள் கடைசியில். ஆனால் பள்ளி விட்டு வருகிற வழி எல்லோருக்கும் ஒன்றுதான். எப்படிச் சிநேகம் ஆனோம் என்று யாராவது கேட்டால், அவள் என்னைச் சிரிக்க வைப்பாள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியாது. ரப்பர் இலைக் காம்பை மூக்குக்குக் கீழே வைத்து, பெரியப்பா மீசையை நீவுவது போலவே நீவிக் காட்டுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வழியிலேயே உட்கார்ந்துவிடுவேன். யார் வீட்டிலும் அவளுக்குக் குவளை தரமாட்டார்கள் என்பதால் அவளுடைய அம்மா ஒரு கொட்டாங்கச்சியின் விளிம்பில் துளையிட்டு, கயிறு கோத்து, அவள் இடுப்பில் கட்டி அனுப்புவாள். அவளோ அதை ஏதோ பந்தயத்தில் ஜெயித்து வாங்கியது போல ஆட்டி ஆட்டி நடப்பாள்.

ரப்பர் மரங்கள் இலை கொட்டுகிற வெயில் காலம் வந்தது. பள்ளிக்கு லீவு விட்டார்கள். ஆறு வற்றிக் கீழ்த்துறை வெறும் சேறாகிவிட்டது. அவளுடைய கைக்குழந்தைத் தம்பிக்குக் காய்ச்சல். ஒரு மத்தியானம் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மேல்துறைக்கு வந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த எங்கள் லயத்துப் பெண்கள் வாயைப் பிளந்து பார்க்க, படியில் இறங்கி, குடத்தை ஒரு சுற்று அலசி, நிறைய மொண்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஓடவில்லை, ஒளியவும் இல்லை. அன்று சாயங்காலமே பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம் கோயில் முன்னால் கூட்டம். அவள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளுடைய அப்பா அம்மா பெயர் துரையிடம் போகும். பெயர் போனால் கப்பல். கப்பல் கொண்டுபோய் விடுகிற ஊரில் அவர்களுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு கூரையும் இல்லை.

சனிக்கிழமை அவளை விறகுக் கட்டோடு பாதையில் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனவள் நான். அவள் கோபத்தில் இருந்தாள். "விழுறதுகூட விழுந்துருவேன்டி, தரைதானே. ஆனா தெரியாமன்னு எப்படிச் சொல்றது? தெரிஞ்சுதானே மொண்டேன்?" என்றாள். விறகுக் கட்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே, "அது சரி, ஒங்க பெரியப்பா குளிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். மேலேயிருந்து என்றேன். "மேலேன்னா? அங்க யாரு இருக்கா?"

அதுதான் எனக்குத் தெரியாது. எங்களுக்கெல்லாம் ஆறு மேல்துறையில்தான் பிறந்தது. அதற்கு அப்பால் மூங்கில் புதர், சதுப்பு, அதையும் தாண்டித் தோட்டத்து எல்லைக் கல். பசாருக்குப் போகிற பாதை வேறு திசை. கேட்காமல் எல்லை தாண்டினால், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பிரம்பை எடுப்பார். பெரியவர்களுக்கா தெரியாமல் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, பின்னாலேயே ஆத்திரமும் வருகிறது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ள ஆசைப்படவில்லை. ஆற்றைப் பங்கு போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. "லீவுதானே, நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?" என்றாள் என் கூட்டாளி.

விறகு பொறுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு, விடியும்போதே கிளம்பினேன். மரங்களில் இலை இல்லாததால் காடு கூரை பிரித்த வீடு போல வெளிச்சமாக இருந்தது. காலடியில் சருகு அப்பளம் நொறுங்குவது போல நொறுங்கியது. எல்லைக் கல் வந்ததும் நான் தயங்கி நின்றேன். அவள் அதன் மேல் ஏறி நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் குதித்தாள். சதுப்பில் அட்டைகள் கணுக்காலில் ஏறின. பிடுங்கிப் பிடுங்கி எறிந்தோம். அதற்கு மேல் கரையில் வழியே இல்லை என்பதால் ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீர், குளிர்ச்சி, அடியில் மணல். மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே வந்தது. நடு ஆற்றில் அவள் நின்றாள். "ஏய், இப்ப நான் மேல்துறைக்கே மேல நிக்கிறேன்டி!" என்று கத்தினாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு விடாமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "போவட்டும், ஒங்க பெரியப்பாவுக்கு" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த கிழங்கு தண்ணீரில் விழுந்துவிட்டது. பாய்ந்து பிடித்து, ஈரத்தோடு தின்றோம்.

அடுத்த வளைவில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. புதரை விலக்கிப் பார்த்தால் பெண்கள் கூட்டமாகத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அது பக்கத்துத் தோட்டம். துவைத்தவர்களில் ஒருத்தி என் கூட்டாளியின் சின்னாயி, அவள் அம்மாவின் தங்கை. அந்தத் தோட்டத்தில் வாக்கப்பட்டவள். சுற்றுப் பாதையில் வண்டி ஏறி அவள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்களே தவிர, அந்த வீடு இதே ஆற்றங்கரையில் இருப்பது என் கூட்டாளிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஏண்டி, ஆத்துக்குள்ளாறயிருந்து மொளைச்சு வர்றீங்க?" என்று சின்னாயி திகைத்தாள். என் கூட்டாளி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னாயியின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. ஆற்றைப் பார்த்தாள், அது போகிற திசையைப் பார்த்தாள்.

"அப்ப இது எங்க கீழ்த்துறையில்ல? இந்தத் தண்ணியிலதான் ஒங்க கங்காணி தலை முழுவுறாரா? எங்க ஊட்டுக்காரன் கோவணம் அலசுன தண்ணிடி அது!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தி கல்லிலிருந்து வழுக்கி ஆற்றில் உட்கார்ந்தேவிட்டாள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மேல்துறை, ஒரு கீழ்த்துறை. அவர்கள் தோட்டத்துக் கீழ்த்துறைக்குக் கீழேதான் எங்கள் தோட்டத்து மேல்துறை. இதைவிட எளிய கணக்கு உண்டா? சிரிப்பு அடங்கியபோது சின்னாயி என்னைக் கவனித்து, இது யார் என்று கேட்டாள். கங்காணி தம்பி மகள் என்று சொன்னதும் எல்லோருடைய முகமும் மாறியது. ஒருத்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. "நம்ம புள்ளதான், பயப்படாதீங்க" என்றாள் என் கூட்டாளி, என் தோளில் ஈரக் கையைப் போட்டு. என்னைப் பற்றி வேறு யாரும் அதைவிட நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

அதோடு திரும்பியிருக்கலாம். அவள் விடவில்லை. இன்னும் மேலே போனோம். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஸ்டோரின் கழிவு வெள்ளையாக ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது, புளித்த நாற்றம். அதைத் தாண்டி அவர்களுடைய மேல்துறை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர், பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். புதருக்குள் குனிந்து அவரைக் கடந்தோம். அதற்கும் மேலே ஒரு கம்பம், மலாய்க்காரர்களின் கிராமம். ஆற்றில் கழுத்தளவு முங்கி எருமைகள் கிடந்தன. அவற்றில் பெரியதாகக் கிடந்த ஒன்று அசை போட்டபடி எங்களைப் பார்த்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது என்று எழுத வேண்டாம். என் கூட்டாளி அதன் முன்னால் கைகூப்பி நின்றாள். "கும்புடுறேன் சாமி. நீங்கதான் எல்லாருக்கும் மேல்துறை" என்றாள்.

எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மலாய் அம்மாள் வீட்டுப் படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். வெயிலில் வந்திருக்கிறோம் என்று கண்டு, சாடியிலிருந்து தண்ணீர் மொண்டு, "மினும், மினும்" என்று குடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மொண்டது கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய அகப்பையில். முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு, கடைசியில் அந்த அம்மாளும் அதிலேயே குடித்தாள். யார் எந்த லயம் என்று கேட்கவில்லை. என் கூட்டாளி அந்த அகப்பையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பத்துக்கும் மேலே, ஆறு பாறைகளில் விழுந்து வருகிற இடத்தில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அவள் இடுப்பிலிருந்து தன் கொட்டாங்கச்சியை அவிழ்த்து, மொண்டு, பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவர்கள் வாய் வைத்ததில் குடித்தால் நாக்கு அழுகும் என்று என் அத்தை சொல்லி வளர்த்திருந்தாள். வாங்கிக் குடித்தேன். அழுகவில்லை. இதோ, இத்தனை வருசம் கழித்தும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது எங்களுக்கு ஒரு கவலை வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? சின்னாயியிடம் கேட்டோம். "நம்ப வேணாம். கண்ணால பாக்கட்டும்" என்றாள் அவள். லயத்துக்குள் போய் வீட்டுக்கு வீடு கொட்டாங்கச்சி வாங்கி வந்து குவித்தார்கள். அந்த லயத்தில் அதற்கா பஞ்சம்? சின்னாயி இடுப்புப் பையைத் திறந்து, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை விரலில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும், குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போல, ஒரு பொட்டு வைத்தாள். "பொழுது எறங்கையில விட்டுடுறேன். வத்துன ஆறு, எப்ப வந்து சேரும்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் நீ விழுவாம நில்லு. அது போதும்."

நாங்கள் வந்து சேர்ந்தபோது கூட்டம் கூடிவிட்டது. கோயிலுக்கும் மேல்துறைப் படிக்கும் நடுவே பெரியப்பா நாற்காலியில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தூரத்தில் கீழ் லயத்தார். என் பாவாடையில் இருந்த சேற்றை அம்மா பார்த்துவிட்டாள். என் கூட்டாளி நடுவில் போய் நின்றாள். "விழுந்துருடி, கண்ணுல்ல" என்று அவள் அம்மா கைக்குழந்தையோடு கெஞ்சினாள். அவள் விழவில்லை.

"தெரியாம செய்யல கங்காணி ஐயா. தெரிஞ்சுதான் மொண்டேன். தம்பிக்குக் காய்ச்ச." பிறகு ஆற்றுக்கு மேலே கையைக் காட்டினாள். "நீங்க குளிக்கிற தண்ணிக்கு மேல எங்க சின்னாயி ஊட்டு ஆளுங்க குளிக்கிறாங்க. அவுங்க அலசுனதுதான் ஒங்க மேல்துறைக்கு வருது."

கூட்டம் இரைந்தது. பொய், திமிர், நாக்கை அறுக்க வேண்டும் என்றார்கள். "நில்லுங்க, வரும்" என்றாள் அவள். என்ன வரும் என்று பெரியப்பா கேட்டதற்கு, வரும் என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. சருகுதான் வந்தது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, மீசை அரும்பிய வயது, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார். எப்படிப் போனேன் என்று தெரியாது, அவள் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். "நானும் போனேன் பெரியப்பா. நானும் பாத்தேன். அவ கையால தண்ணி குடிச்சேன்" என்றேன். என் அப்பா என்னை அறைந்தார். அந்த அறையின் சத்தம் அடங்குவதற்குள் படிக்கல்லில் டொக் என்று ஒரு சத்தம்.

ஒரு கொட்டாங்கச்சி. வெள்ளைப் பொட்டு மேலே தெரிய, சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு, படியில் இடித்து நின்றது. பின்னால் இன்னொன்று. பிறகு வளைவிலிருந்து கூட்டமாக வந்தன. ஒன்றோடொன்று மோதி, படியில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டின. துறை முழுவதும் கொட்டாங்கச்சி. எந்த லயத்துக்காரர்கள் கையில் கொட்டாங்கச்சி இருக்கும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும், அதைக் கொடுத்து அதில் குடிக்க வைத்தவர்களே அவர்கள்தானே. நான் கன்னம் எரிய எரிய இறங்கிப் போய் ஒன்றைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்துவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் அம்மா. பெரியப்பா துறையைப் பார்த்தார், தோளில் இருந்த துண்டை உதறினார், "கெணறு வெட்டிக்கலாம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் துரையிடம் போகவில்லை. போய் என்ன சொல்வார், ஆறு மேலேயிருந்து வருகிறது என்றா? ஆனால் மனசு மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவள் வீட்டாருக்குப் பால் வற்றிய மரங்களையே பால் எடுக்கக் கொடுத்து, கூலி குறைய வைத்து வாட்டினார். கொஞ்ச காலத்தில் அவர்களே சின்னாயியின் தோட்டத்துக்குப் புல் வெட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று என் கூட்டாளி, "இனிமே நான்தான்டி ஒங்களுக்கு மேல" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அப்புறம் சில சாயங்காலங்களில், பொட்டு வைத்த கொட்டாங்கச்சி ஒன்று மேல்துறைப் படியில் வந்து முட்டும். நான் யாருக்கும் சொல்லாமல் சிரித்துக்கொள்வேன். கிணற்றில் பெரியப்பா மட்டும் குளித்தார். எங்கள் பெண்கள் கொஞ்ச நாள் முகத்தைச் சுளித்துவிட்டு ஆற்றுக்கே திரும்பினார்கள். கீழ் லயத்துப் பெண்களும் குடத்தோடு மேல்துறைக்கு வந்தார்கள். யாருக்கும் வாயைத் திறக்க முகமில்லை. காப்பிக்கடையில் கொட்டாங்கச்சி மட்டும் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. அதை ஒழிக்க வேறு ஆட்கள் வேறு சண்டை போட்டார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்ததில் அவள் இருந்த லயம் சிதறிப்போயிற்று. அவள் பகாவ் பக்கம் இருப்பதாக ஒருவர் சொன்னார். போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் எங்கேயோ ஒரு வீட்டில் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு இஷ்டமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் மகள் தன்னோடு வேலை செய்யும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். நல்ல பிள்ளை. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அண்ணனுக்கு, பெரியப்பாவின் அதே மகனுக்கு, தெரிய வேண்டியிருந்தது. காரில் வந்து இறங்கினார். தலை நரைத்துவிட்டது, மீசை மட்டும் அப்படியே பெரியப்பா மீசை. சோபாவில் உட்கார்ந்து விசிறி போடச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பையன் வீட்டுக்காரங்க எந்த லயத்து ஆளுங்க? நம்ம தண்ணி பொழங்கலாமா? கேக்கறது தப்பில்ல லா, நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க" என்றார்.

இருங்கண்ணே, காப்பி கொண்டுவருகிறேன் என்றேன். அலமாரியைத் திறந்து கொட்டாங்கச்சியை எடுத்து, வெந்நீரில் கழுவி, கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் பார்த்தார். கீழே வைக்க மேசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். வெளிப்பக்கத்து வெளுப்பின் மேல் அவர் கண் வந்து நின்றபோது, அன்றைய சாயங்காலம் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"கீழ வைக்க முடியாதுண்ணே, கவுந்துடும்" என்றேன். "கையில வச்சுக்கிட்டேதான் குடிக்கணும்."

அடுக்களையில் என் மகள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. அவள் பாட்டியின் அதே சிரிப்பு. அண்ணன் ஊதி ஊதிக் குடித்தார், கடைசிச் சொட்டு வரை. தண்ணீர் புழங்குவதைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கார் போனதும் கொட்டாங்கச்சியைக் கழுவித் துடைத்துத் துணிச்சுருளின் மேல் உட்கார்த்திவிட்டேன். அலமாரியைப் பூட்டவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இன்னும் பல சொந்தக்காரர்கள் வர வேண்டியிருக்கிறது.